அஞ்சு வாசல் அறை

வேலை தொடங்குமுன் அவள் ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றின் மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. சூடு அளவாக இருந்தால்தான் நாற்காலியில் உட்காருவாள். விழாக்களைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டித் தருவது அவள் தொழில். வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ. டிஸ்குகளுக்கு மரத்தட்டு அடித்துக் கொடுத்தவர் அண்ணன், தச்சர். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் தங்கையின் வேலையைப் பற்றிக் கேட்டால், கடைசித் திருகாணி வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார்.

நாலு டிஸ்கும் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஒரே பெரிய டிஸ்காகத் தெரியும். அதில் எதைப் போட்டாலும் உள்ளே இரண்டு டிஸ்குகளில் பிரதி விழும். ஒன்று படுத்தாலும் மற்றது காப்பாற்றும். வம்பு என்னவென்றால், அந்த நாலும் ஆளுக்கொரு ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்துக்கொண்டு, திரையில் பெரியதன் பக்கத்திலேயே தனித்தனியாக வரிசை கட்டி நின்றன.

கடை வேலையை விட்டுவிட்டு அவளோடு விழாக்களுக்கு லைட் தூக்க வந்த கணவன் சுத்தக்காரன். ஒரே படம் இரண்டு இடத்தில் கிடப்பதைப் பார்த்து, இடத்தை அடைக்கிறதே என்று ஒன்றை அழித்தான். எதை அழித்தோம் என்பது குழம்பி, பள்ளிக்கூடச் சமையல்காரம்மாவின் பணி நிறைவு விழாவை இரண்டு இடத்திலும் அழித்துவிட்டான். கேமரா கார்டில் இருந்ததை அவள் இன்னும் அழிக்காததால் படம் பிழைத்தது; மறுபடி ஏற்றிவைத்தாள். அன்றிலிருந்து அவன் அறைக்குள் வருவதில்லை.

“பாஸ்வேர்டு போட்டு வைம்மா. மாப்பிள்ளை நல்லவர்தான், கைதான் சும்மா இருக்காது,” என்றார் அண்ணன்.

“கட்டினவருக்கே பூட்டா? போண்ணே! ஒரு ரூமுக்கு அஞ்சு வாசல் வச்சது நானு. அவர் நுழைஞ்சதுதான் தப்பா?”

ஒரு ஃபோல்டருக்குள் நாலு காலி ஃபோல்டர்கள் போட்டாள். ஒவ்வொரு டிஸ்காக அவற்றில் ஒன்றின் வழியாக மட்டும் திறக்கும்படி பொருத்தி, வெளியே தெரியாதபடி டிஸ்கின் எழுத்தை நீக்கத் தொடங்கினாள். திரை எச்சரித்தது. “எல்லாம் அழிஞ்சுடப் போவுது!” என்று அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“உள்ள இருக்கறது அப்படியே இருக்கும்ணே. வெளில தொங்கற பேர்ப்பலகையத்தான் கழட்டறேன்.”

ஒவ்வொரு எழுத்து போனதும் பெரிய டிஸ்கிலிருந்து அந்த விழாவை ஓட்டிப் பார்த்தாள். சமையல்காரம்மா ஒவ்வொரு முறையும் மாலையோடு சிரித்தாள். மூன்று எழுத்துகள் போயிருந்தன.

கணவன் அறை வாசற்படியில் வந்து நின்றான். “நான் பழையபடி கடை வேலைக்கே போயிடறேன். இது எனக்குச் சரிப்படாது.”

“லைட்டெல்லாம் யாரு தூக்கறது? உங்க மச்சானா? அவருக்கு இடுப்பு வலி.”

“நான் எதையும் தொட மாட்டேன்மா.”

அவள் எழுந்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். நாலாவது எழுத்து இன்னும் திரையில் இருந்தது. மவுஸை அவன் விரல்களுக்கடியில் நகர்த்திவிட்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.