எல்லார் சீட்டிலும் இரண்டாம் இடம்

அயர்லாந்தின் 1987 பொதுத்தேர்தலில் கோர்மக் டெவானி நின்றபோது, பாலிடெரிக் வட்டாரத்தில் அவர் கை குலுக்காதவர்கள் இறந்தவர்கள் மட்டுமே. அவர்களின் உறவினர் கைகளை அவர் விட்டுவைத்ததில்லை.

மாட்டுத்தீவனக் கடைக்காரராக இருந்து கவுன்சிலர் ஆனவர். சாலைப் பள்ளத்தை மூட வருடக்கணக்காகும், சாவோ வாரந்தோறும் விழும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். இழவுக்குப் போடும் கறுப்புக் கோட்டு காரிலேயே தொங்கியது. ஒருமுறை தவறான தேவாலயத்துக்குள் நுழைந்து, யாரென்றே தெரியாத ஒருவருக்காகக் கண்ணீர் விட்டார். அந்தக் குடும்பமும் நெகிழ்ந்துபோனது.

இப்போது டப்ளின் நாடாளுமன்றத்துக்குப் போட்டி. கட்சி தரும் கடைசி வாய்ப்பு இதுதான்.

இங்கே வாக்குச்சீட்டில் பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போட வேண்டும். ஒன்றாம் எண் வாங்கியவர் ஜெயித்தோ தோற்றோ ஒதுங்கிய பிறகுதான் இரண்டாம் எண்ணுக்கு உயிர் வரும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் விதவை மிசஸ் கெரிகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள மறப்பேனா கவுன்சிலர்? எங்க வீட்டுக்காரர் சவப்பெட்டிய தோள்ல தூக்குனவராச்சே! ரெண்டாம் நம்பர் உங்களுக்குத்தான்."

"ஒண்ணு யாருக்குங்க?"

"நீங்கதான் எப்படியும் ஜெயிச்சிடுவீங்களே! அந்த மலாகி, பாவம், புதுசா நிக்கிறான்."

மலாகி வேறு கட்சி. கோர்மக்கின் மனைவி அட்ராக்டாவுக்குச் சித்தி மகன். கோர்மக் பூரித்துப்போனார். வீட்டுக்கு வீடு இதே பதில்தான். "ஊரே நம்ம பக்கம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்டார்.

பள்ளிக்கூட அரங்கில் எண்ணிக்கை நடந்தது. முதல் சுற்றில் யாரும் ஜெயிக்கவில்லை. கடைசி இடம் கோர்மக்குக்கு. அதனால் விதிப்படி முதலில் அவரை நீக்கினார்கள். அவருக்கு இரண்டாம் எண் போட்ட சீட்டுகள் அடுத்தவர்களின் கட்டுகளுக்குள் மலைமலையாகக் கிடந்தன.

"அடேய் கோர்மக்," என்றது தடுப்புக்கம்பியில் சாய்ந்திருந்த ஒரு குரல், "உனக்கு விழுந்த ரெண்டாம் நம்பர வச்சு நீ போப்பாண்டவராவே ஆயிருக்கலாம்டா!"

திரும்பும் வழியில் காரில் கேட்டார்: "அட்ராக்டா, நீயாவது எனக்கு ஒண்ணு போட்டியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மலாகிக்கு ஒருத்தரும் போடலன்னா அவன் மனசு உடைஞ்சிடும். உனக்குத்தான் ஊரே இருக்குன்னியே. ஆனா ரெண்டு உனக்குத்தான், சத்தியமா."

அவளைச் சந்தோஷப்படுத்த, தன் சீட்டில் இரண்டாம் எண்ணைக் கோர்மக் மலாகிக்குத்தான் போட்டிருந்தார். அவர் ஆட்டத்தை விட்டு நீங்கியதும் அந்த ஓட்டு நேரே அவனிடம் போய்ச் சேர்ந்தது. இரவு மலாகி ஜெயித்தான்.

திங்கட்கிழமை மிசஸ் கெரிகனின் அண்ணன் இறந்துபோனார். கோர்மக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.