போயிட்டு வரேன்

“வெளியேறுன்னு போடு, போதும்.”

“வெளியேறா? வீட்டுக்கு வந்தவங்களை இப்படித்தான் விரட்டுவியா—”

“அக்கா, பொத்தான்ல இடம் இல்ல—”

“இடம் பண்ணு. ‘போயிட்டு வரேன்’னுதான் இருக்கணும். போறேன்னு எழுதினாலே அபசகுனம்.”

“நூறு தடவை செத்துப் பொழைக்கிற விளையாட்டு இது. இதுல போய் நல்ல வார்த்தை பாக்கறே.”

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அக்காவும் தம்பியும் பழைய பாணியில் ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். கட்டம் கட்டமான படங்கள். ஒரு வீரன் மாயக் கோட்டைக்குள் திட்டுக்குத் திட்டு தாவி ஏறுவான். பூதங்களை வெட்டி வலிமை சேர்ப்பான். வழியில் யாராவது பேசினால், கீழே காட்டும் பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். அதை இயங்க வைப்பது தம்பி. பேச்செல்லாம் அக்கா எழுதியது. படம் வரைந்தவரை இருவரும் பொம்மைக்காரர் என்பார்கள். கோட்டை வாசல் காவல்காரனுக்குத் தன் மூக்கையே வரைந்து வைத்த குறும்பர்.

அந்த மத்தியானச் சண்டைக்கு நடுவில்தான் அவர் கிளம்பினார். வழக்கம்போல வண்டிச் சாவியால் கதவு நிலையில் இரண்டு தட்டு. டக்... டக்.

“போயிட்டு வரேன்” என்றார். இவர்கள் திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னார். பிறகு படியிறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சண்டையில் அக்காதான் ஜெயித்தாள். நாலு மணிக்கு, விளையாட்டை விட்டு வெளியேறும் பொத்தானில் அவள் வார்த்தை ஏறியது. பள்ளி வாசலில் மகள் காத்திருப்பாள் என்று பையை மாட்டிக்கொண்டு கதவை இழுத்தாள்.

வரவில்லை. தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. தம்பியும் சேர்ந்து இழுத்தான். சுவரை இழுப்பது போலிருந்தது.

அறைக்கு ஜன்னல் கிடையாது. கீழே டயர் கடை. தரையை உதைத்தார்கள், கத்தினார்கள். காற்றடிக்கும் மிஷின் நாள் முழுக்க உறுமும். இப்போது அந்தச் சத்தமும் இல்லை. இரண்டு செல்போனும் செத்துக் கிடந்தன. பிள்ளை தெருவில் நிற்கிறதே என்று அக்கா மறுபடியும் கதவை இழுத்தாள்.

டக்... டக்.

கதவில் இல்லை. கணினிக்குள்ளிருந்து.

திரையில் காவல்காரன். வீரனைப் பார்த்து நிற்க வேண்டியவன், இவர்களைப் பார்த்து நின்றான். தலைக்கு மேலே சிவப்பாக ஓர் இதயம். வீரனுக்கும் பூதங்களுக்கும்தான் அப்படி உயிர் காட்டும்.

“காவல்காரனுக்கு ஏதுடா உயிர்?”

“நான் வைக்கலை.”

பேச்சுப் பெட்டி விரிந்தது.

*போயிட்டு வரேன்.*

அது விளையாடுகிறவர் சொல்ல வேண்டியது. இவன் சொல்கிறான். கீழே இரண்டு பதில்கள்.

*வா.*

*போ.*

இரண்டாவதை அக்கா எழுதவே இல்லை.

தம்பி கணினியின் பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

இன்னொரு இதயம்... பாதி... முழுசு.

டக்... டக்.

அறைக்குள் காற்று இறுகியது. மூன்றாவது இதயம் துடிக்க ஆரம்பித்தது.

“வான்னு சொல்லுடா. பதில்தானே கேக்குது.”

“எதை வரச் சொல்றது? இங்கயா?”

“கிளம்புறவங்களைப் போன்னு சொல்லக் கூடாதுடா...”

அவள் கை நீட்டுவதற்குள் அமுக்கிவிட்டான்.

*போ.*

மூன்று இதயங்களும் அணைந்தன. காவல்காரன் முதுகைக் காட்டி நடந்தான்... திரையின் ஓரம் வரை... அதற்கும் அப்பால்.

திரை மூலையில் மணி 4:17.

கதவு தானாக விலகியது.

அக்கா பாதிப் படியில் இருந்தபோது கைக்குள் செல்போன் உயிர் பெற்று அடித்தது. பொம்மைக்காரரின் மனைவி. அழுகைக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னாள். மத்தியானம் வண்டியில் லாரி மோதியதாம். நினைவே இல்லாமல் கிடந்தாராம். நாலு மணிக்கு மேல் தேறிக்கொண்டே வந்தாராம். விரலை மடக்கி, கட்டில் கம்பியில் இரண்டிரண்டு தரமாகத் தட்டினாராம். பிழைத்துவிடுவார் என்று டாக்டரே சொன்னாராம்.

நாலு பதினேழுக்கு எல்லாம் நின்றுவிட்டதாம்.

மேலே, திறந்த கதவருகே தம்பி நின்றான். செல்போனில் பொம்மைக்காரரின் மனைவி கேட்டாள்:

“உங்ககிட்ட சொல்லிட்டுத்தானேக்கா கிளம்பினார்?”