மாமாவின் காதுச் சீழ்

மாமாவின் காதில் சீழ் வடிந்தால் எனக்குக் கொண்டாட்டம். அம்மாவின் தம்பியான அவர், புளியங்குளத்துக் கடையொன்றில் சிவப்பும் கறுப்புமான குளிசைகள் வாங்கி வருவார். ஒன்றிரண்டை விழுங்குவார். ஒன்றை உடைத்துத் தூளைக் காதுக்குள் கொட்டுவார். வெறுங்கூடு எனக்கு விளையாட. சீழ் நின்றதும் மிச்சக் குளிசைகளை அம்மா அடுத்த முறைக்கென்று அலுமாரிக்குள் பத்திரப்படுத்துவார். எங்கள் வீட்டில் எதுவும் வீணாகாது.

மாமா பெரிய பகிடிக்காரர். வயல் வரம்பில் செத்தவர் போல விழுந்து கிடப்பார். பயந்து கிட்டப் போனால் காலைப் பிடித்து இழுப்பார். அதனால்தான் அன்றைக்கு எல்லோரும் ஏமாந்தோம். தலையிடி என்று சொல்லிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர், சொதிச் சட்டியைக் காட்டி, "அந்தச் சைக்கிளை இஞ்சாலை தா" என்றார். பிறகு என்னைப் பார்த்து "அக்கா" என்று கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பில் புரைக்கேறியது.

"பகிடியை விட்டிட்டுச் சாப்பிடடா" என்றார் அம்மா.

மாமா கதிரையோடு சரிந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் கைதட்டினேன். வாயில் நுரை வந்த பிறகுதான் அம்மா கத்தினார்.

வவுனியா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காதுச் சீழ் மூளைக்குள் போய்க் கட்டியிருக்கிறது என்றார்கள். காதிலிருந்து மூளைக்கு வழி இருக்கிறதென்று எங்களில் யாருக்குத் தெரியும்? கொடுத்த ஊசி மருந்தும் கேட்கவில்லை.

"நாங்கள் கவனமாத்தான் பாத்தனாங்கள் டொக்டர். ஒவ்வொருமுறையும் குளிசை போட்டவர்."

"அரைகுறையாப் போட்டுப் போட்டுக் கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு அம்மா. இப்ப வழமையான மருந்து ஒண்டுக்கும் அது சாகுதில்லை."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அலுமாரிக் குளிசைகளையெல்லாம் கிடங்கு வெட்டிப் புதைத்தார். என் வெறுங்கூடுகளையும் விடவில்லை. அதற்காக நான் அழுதேன்.

கொழும்பில் மண்டையைத் திறந்து சீழை எடுத்தார்கள். கனநாள் கழித்து, மொட்டைத் தலையோடு மாமா வீடு வந்தார். அம்மாவைக் கண்டதும் "அக்கா" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. பிறகு என்னையும் "அக்கா" என்றார். வாசலில் நின்ற மாட்டையும் "அக்கா" என்றார். அம்மா குசினிக்குள் ஓடிப்போய் அழுதார்.

எனக்கோ பழைய மாமா திரும்பிவிட்ட சந்தோசம். அவர் தண்ணீர்ச் செம்பைக் காட்டி, "அக்கா, அக்கா" என்று கெஞ்சினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்குத் தண்ணீர் விடாய் என்பது எனக்கு விளங்கவில்லை.