அம்மாக்களுக்கு மாடியில் இடமில்லை

எங்கள் கூட்டத்தில் யார் சாரி சொன்னாலும் மற்ற எல்லாருக்கும் தே தாரே, அதாவது நுரைக்க இழுத்து ஆற்றிய தேநீர், வாங்கித் தர வேண்டும். இது முதல் விதி. பை சத்தம் போடும். எப்போது போடும் என்று அந்தப் பைக்கே தெரியாது. பேசிக்கொண்டே இருக்கும்போது 'புர்ர்' என்று ஒன்று வரும். வெளியே என்றால் இருமுவோம், நாற்காலியை இழுப்போம், வராத போன் காலை எடுத்துப் பேசுவோம். இங்கே அந்த நாடகமெல்லாம் கிடையாது. சத்தம் வந்தால் வந்ததுதான். சாரி சொன்னால் தே வாங்க வேண்டியதுதான்.

என்ன பை என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குடலில் பெரிய கோளாறு வந்தால் சர்ஜன் கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் முனையை வயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே எடுத்துத் தைத்துவிடுவார். அந்த முனைக்குப் பெயர் ஸ்டோமா. சிவப்பாக, ஈரமாக, சின்னத் தக்காளி மாதிரி இருக்கும். கழிவு அதன் வழியாகத்தான் வரும். அதைப் பிடிக்க வயிற்றின் மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு இது டிகிரி கடைசி செமஸ்டரில் வந்தது. அவ்வளவுதான் கதை. பின்னணியில் வயலின் எதுவும் வேண்டாம்.

ஜொகூர் பாருவில் இதற்கென்று ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் என்னை முதலில் அங்கேதான் அனுப்பினார். போய்ப் பார்த்தால், அங்கே எனக்கு அடுத்த இளையவருக்குக் கல்யாண வயதில் மகள் இருந்தாள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஃபுட்சால் ஆடும்போது பை கழன்றால் என்ன செய்வது என்பது என் சந்தேகம். பப்பாளி உடம்புக்குச் சூடா குளிர்ச்சியா என்பது அவர்கள் சந்தேகம். ஓர் அங்கிள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சின்ன வயசுலயே இப்டி ஆயிருச்சே தம்பி," என்று முதலிலிருந்து வருத்தப்பட ஆரம்பிப்பார். அவரை ஆறுதல்படுத்தவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் தெப்ராவில் ஒரு கடைவரிசையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாகக் கிடக்கும் டியூஷன் சென்டரில் நாங்கள் தனியாகக் கூட ஆரம்பித்தோம். எல்லாரும் இளவட்டம், எல்லார் வயிற்றிலும் பை. ஆடிட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்காதான் தலைவி. யாரும் ஓட்டுப் போடவில்லை, டியூஷன் சென்டர் சாவி அவரிடம் இருந்தது. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போகும் ஒருத்தன் உண்டு. வாயை மூடவே மாட்டான். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள்.

இரண்டாவது விதி வந்தது அந்த மோட்டார்க்காரனால்தான். முதல் கூட்டத்துக்கு எல்லாரும் அப்பா அம்மாவோடு வந்திருந்தோம். நான் அவனைப் பார்த்து, "என்ன மச்சான் சாப்பிடறே இப்ப?" என்று கேட்டேன்.

"ரசஞ்சோறுதான் குடுக்கறேன்," என்றார் அவன் அம்மா.

"வேலைக்குப் போறியா?"

"கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லியிருக்கேன்," என்றார் அதே அம்மா.

அவனுக்கு மீசை தாடியெல்லாம் இருந்தது. வாய் மட்டும் அம்மாவிடம் இருந்தது. அன்றோடு முடிவு செய்தோம்: பெற்றோர் எல்லாரும் கீழே, அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், மேசை போட்டிருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில். மாடிப்படி ஏறக்கூடாது. அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. ரொட்டி சானாய் நன்றாக இருந்தது.

லாபிஸ் என்ற ஊரிலிருந்து ஒரு புதுப் பெண் வந்த அன்று கூட்டம் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடித்த கையோடு குடலில் ஓட்டை விழுந்து, அவசர ஆபரேஷன் ஆனவள். அப்பா காடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, டயர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அம்மா விதிப்படி கீழே உட்கார்ந்தார். பெண் மட்டும் மேலே வந்தாள்.

"சாரி, லேட் ஆயிருச்சு," என்றாள். நாற்காலி கிறீச்சிட்டது, அதற்கும் ஒரு சாரி. பை சத்தம் போட்டது, அதற்கு இரண்டு.

"அலமாக்!" என்றான் மோட்டார்க்காரன். "தங்கச்சி, நீ இதே ஸ்பீடுல போனா அந்த மாமாக் கடையவே வாங்கிக் குடுக்கணும் லா."

விதியைச் சொன்னோம். சிரித்தாள். சிரித்ததற்கும் சாரி சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். இன்னும் எட்டு நாளில், அடுத்த வாரத் திங்கட்கிழமை, போய்ப் பதியாவிட்டால் இடம் போய்விடும்.

"அம்மா வேணாங்கறாங்க," என்றாள். "பை ஒரு நாள்கூட நிக்க மாட்டுது. ஹாஸ்டல்ல கழண்டா யார் பாப்பாங்கன்னு கேக்கறாங்க. கழலாம மூணு நாள் நிக்கட்டும், நானே கொண்டுபோய் விடறேன்னு சொன்னாங்க. நிக்கவே இல்ல."

"ஒரு நாளா?" என்றார் அக்கா. "எனக்கு மூணு நாலு நாள் நிக்குமே. சரியா வெட்டறியா?"

"அளவு பாத்துதான் வெட்டறோம்."

"ஒட்டறதுக்கு முன்னாடி காய விடறியா?"

"ஃபேன் போட்டுக் காய விடறோம்."

பிராண்ட் மாற்றிப் பார்க்கச் சொன்னோம். மாற்றிப் பார்த்தாயிற்று. பெல்ட்? போட்டிருக்கிறாள். எங்களுக்குத் தெரிந்த எல்லா யோசனையும் தீர்ந்துபோனது. அந்த நேரம் பார்த்து அவள் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சட்டையில் ஈரம். அக்கா தன் மாற்றுப் பை ஒன்றையும் வைப்ஸையும் எடுத்துக்கொண்டு அவளைக் கழிவறைக்குக் கூட்டிப் போனார்.

திரும்பி வந்தபோது அக்காவின் முகம் ஒரு மாதிரி இருந்தது. கையை முகர்ந்து பார்த்தார்.

"தேங்காண்ணெ," என்றார்.

பெண் தரையைப் பார்த்தாள். "தோலு செவந்து போயிருச்சுல்ல. அம்மாதான் தடவுவாங்க. ஆஸ்பத்திரில கிரீம் போடக்கூடாதுன்னு சொன்னாங்க. அம்மா கிரீம் போடல."

எண்ணெய் தடவிய தோலில் எந்தப் பை ஒட்டும்? பை கசிகிறது, தோல் சிவக்கிறது. அம்மாவுக்கு மனசு கேட்காமல் எண்ணெய் தடவுகிறார். பை வழுக்குகிறது, மறுபடி கசிகிறது. தோல் இன்னும் சிவக்கிறது, எண்ணெய் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. மாதக்கணக்கில் இதுதான் நடந்திருக்கிறது.

"இவ்ளோதானா?" என்றான் மோட்டார்க்காரன். "கீழ போயி, எண்ணெ வேணாம் ஆண்டின்னு சொல்லு. முடிஞ்சுது லா. திங்கக்கெழம காலேஜ்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"எண்ணெனாலதான்னு. ஆஸ்பத்திரி மிஸ்ஸி போன தடவையே சொல்லிட்டாங்க. அம்மா மருந்து வாங்க லைன்ல நின்னுட்டிருந்தாங்க. நான் போய்ச் சொல்லல."

எதிர்வரிசையில் யாரோ ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் சொல்லல?" என்று நான்தான் கேட்டேன்.

"ராத்திரியெல்லாம் கூடவே எந்திரிச்சுத் தொடச்சு மாத்தி விட்டது அவங்கதான். கழண்டதெல்லாம் அவங்களாலதான்னு எப்டிண்ணே சொல்றது?"

"அதுக்கு காலேஜ விட்ருவியா?"

"அடுத்த வருசம் அப்ளை பண்ணிக்கலாம்."

அடுத்த வருஷமும் அதே எண்ணெய்தானே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அக்கா முறைத்தார்.

திட்டம் போட்டது மோட்டார்க்காரன். இப்போது ஒட்டியிருப்பது அக்காவின் பை. வேறு கம்பெனி. அதில் மட்டும் எண்ணெய் ஆகாது என்று சொல்லிவிடலாம். பழைய பை பழைய கதை, அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது. பெண் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். யார் போய்ச் சொல்வது? அக்கா போனால் அம்மாவுக்குச் சந்தேகம் வரும், அவருக்குப் பொய் வராது. மோட்டார்க்காரன் போனால் பேச்சு எங்கெங்கோ போகும்.

"நான் போறேன்," என்றேன்.

"நீ போனா சண்டைதான் வரும்," என்றார் அக்கா.

"அம்மா அழுதா நான் எங்கயும் போகமாட்டேன்ணே," என்றாள் பெண். மிரட்டல் மாதிரிதான் இருந்தது.

கீழே அவள் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில். எதிரே இருந்த தேயில் ஆடை படிந்திருந்தது. மற்ற பெற்றோர் அடுத்த மேசையில் இருந்தார்கள். முதல் நாள் ஆயிற்றே, யாரையும் தெரியவில்லை.

"பசியாறிட்டியா தம்பி?" என்றார் என்னைப் பார்த்ததும்.

"ஆச்சு ஆண்டி." உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன். "மேல அவளுக்குப் புது மாதிரி பை ஒண்ணு ஒட்டியிருக்கு. நல்லா நிக்கும். ஒண்ணே ஒண்ணு, இதுல எண்ணெ ஆகாது. பட்டா கழண்டுரும்."

அவர் என்னையே பார்த்தார்.

"பழைய பைக்கு ஆகுமா?"

இந்தக் கேள்வியை நாங்கள் நான்கு பேரும் யோசிக்கவில்லை. ஆகும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். லெக்சரரிடம், போலீஸிடம், சிங்கப்பூர் செக்பாயிண்டில் எல்லாம் எனக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு. அன்று ஒரு நொடி தயங்கிவிட்டேன். அதற்குள் அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"ஆகாது ஆண்டி," என்றேன்.

"எந்தப் பைக்குமா?"

"எந்தப் பைக்கும்."

மாமாக் கடைக்காரர் மாவை வீசிக்கொண்டிருந்தார். டிவியில் யாரோ கோல் போட்டார்கள். அந்த அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே சின்னதாக ஓர் எண்ணெய்ப் போத்தல், கசியாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"கிரீம்தானே போடக்கூடாதுன்னாங்க," என்றார். "எண்ணெ கிரீமா தம்பி?"

"இல்ல ஆண்டி."

"அதுக்குத் தெரியுமா?" கண்ணால் மாடியைக் காட்டினார்.

"இப்பதான் சொன்னோம்," என்றேன். இந்தப் பொய் மட்டும் சரியாக வந்தது. நம்பினாரா தெரியாது. தலையாட்டினார்.

"சாரி ஆண்டி," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. விதி விதிதான். அவருக்குச் சூடாக ஒரு தே சொன்னேன்.

தே வந்ததும், குடிக்காமல் கேட்டார்: "அப்ப கழுவிட்டு என்ன போடணும்?"

"ஒண்ணும் போட வேணாம். வெதுவெதுன்னு தண்ணி, அப்பறம் நல்லா காயணும். அவ்ளோதான்."

"ஒண்ணுமே போட வேணாமா?"

"தோலு ஈரமா இருந்தா கொஞ்சம் பவுடர். அதையும் தட்டி விட்டுறணும். அவளே செஞ்சுக்குவா ஆண்டி."

"அவளே செஞ்சுக்குவா," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. சூடான தேயைக் குடித்தார். பிறகு ஆடை படிந்த பழைய தேயையும் எடுத்துக் குடித்தார். அழவில்லை. போத்தலைக் கைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளி, ஜிப்பை இழுத்து மூடினார்.

மேலே போய், "அழல," என்று மட்டும் சொன்னேன். மோட்டார்க்காரன் கை தட்டினான். பெண் தட்டவில்லை.

மறுநாள், திங்கட்கிழமை, வாட்ஸ்அப்பில், 'நிக்குது' என்று போட்டாள். செவ்வாய்க்கிழமையும் அதே ஒரு வார்த்தை. புதன்கிழமை அதே வார்த்தையோடு, அம்மா ஹாஸ்டலுக்கு வாளி வாங்கிவிட்டார் என்று இன்னொரு வரி. அடுத்த திங்கட்கிழமை போய்ப் பதிந்தாள். அப்பாதான் ஓட்டினாராம். அம்மா பின்சீட்டில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு.

அடுத்த கூட்டத்துக்கு ஹாஸ்டலிலிருந்து கிராப் டாக்ஸி பிடித்துத் தனியாக வந்தாள். அவள் கதவைத் திறந்ததுமே வாசம் வந்துவிட்டது. தலைமுடி படிந்து, மினுமினுத்து, நெற்றியோரம் எண்ணெய் இறங்கியிருந்தது. சட்டைக் காலர்கூட நனைந்திருந்தது.

"ஐயோ, என்னா புள்ள இது?" என்றார் அக்கா. "பை நிக்குதா?"

"பையெல்லாம் நிக்குதுக்கா, நாலு நாளாச்சு." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தாள். "காலைலதான் அம்மா வந்துட்டுப் போனாங்க. ஹாஸ்டல் வாசல்லயே ஒக்கார வச்சு தலையில ஊத்திட்டாங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"அந்த எண்ணெய வேற எங்கண்ணே ஊத்துவாங்க?" என்றாள்.