சித்தி சாக்குக்குப் போன கொழுந்து

அன்றைக்கு மலையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா இருந்தாள். அம்மாவின் தங்கை, என் சித்தி, இருந்தாள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா இருந்தாள்; நாங்கள் குடியிருக்கிற வரிசை வீட்டு அறையைக் காம்பரா என்போம். பெரியம்மா என்று கூப்பிடுவேனே தவிர உறவு கிடையாது. கொழுந்து எடுக்கிற பெண்களை மேய்க்கிற கங்காணி மாமா இருந்தார். அவருக்கு மேல் அதிகாரியான கண்டாக்கு ஐயா குடையோடு இருந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள ஐயா இருந்தார், மாத்தயா என்று கூப்பிடுவோம்; அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மணிக்கூடு தொங்கியது. மற்றப் பெண்கள் இருந்தார்கள். சனிக்கிழமை என்பதால் நானும் இருந்தேன். எனக்குப் பத்து வயது. அப்பா இல்லை. அவருக்கு வேறு மலையில் செடிகளை வெட்டிவிடுகிற கவாத்து வேலை.

எங்கள் தேயிலைத் தோட்டம் கொட்டகலைக்கு மேலே. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். கொழுந்து பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் பாதி நாள்தான் வேலை செய்ததாகக் கணக்கு. நாள் முழுக்க மழையில் நின்றது கணக்கில் வராது.

சித்தி நான் பிறப்பதற்கு முன்னால் மழையில் சறுக்கித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தவள். வலது தோள் அதற்குப் பிறகு சரியாகவில்லை. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. கல்யாணமும் அமையவில்லை. எங்கள் காம்பராவில் எங்களோடுதான் இருந்தாள். தனியாக எடுத்தால் அவளால் பன்னிரண்டு கிலோவைத் தாண்ட முடியாது. ஆனாலும் அவளுக்கு அரைப்பேர் விழுந்து நான் பார்த்ததில்லை.

காரணம் இதுதான். கொழுந்து நிறுக்கிற இடத்தை மடுவம் என்போம். மடுவத்துக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவு உண்டு. அங்கே வந்ததும் ஒவ்வொருத்தியும் தன் சாக்கிலிருந்து ஒரு அள்ளு எடுத்து சித்தி சாக்கில் போட்டுவிட்டுப் போவாள். நடையை நிறுத்தக்கூட மாட்டார்கள். பிள்ளைத்தாச்சிக்கும் அப்படிப் போடுவார்கள். காய்ச்சலோடு வந்தவளுக்கும் போடுவார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாங்கியவள் திருப்பிக் கொடுக்கிற வழக்கமும் இல்லை. அவளுக்கு முடிகிற நாளில் வேறு ஒருத்திக்குப் போடுவாள்.

அந்த வாரம் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் கண்டாக்கு ஐயா சொன்னார். கொழுந்து வெட்டுகிற கத்தரி ஆறு வந்திருக்கிறதாம். ஆறு பேர் சனிக்கிழமை அதை வைத்து எடுத்துப் பார்க்க வேண்டுமாம். கீழ்மலையை உல்லாசப் பயணிகள் தங்குகிற பங்களா கட்டுவதற்குக் கொடுக்கப் போகிறார்களாம். மேல்மலையை இனிக் கத்தரியால்தான் எடுப்பார்களாம். கத்தரியில் நன்றாக எடுக்கிறவர்களுக்கு அங்கே எப்போதும் பேர் உண்டு. மற்றவர்களுக்கு என்ன என்று பெரியம்மா கேட்டாள். பார்ப்போம் என்றார்.

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் யார் பேர் போகும் என்றும் தெரியும்.

சாயந்தரம் அடுப்படியில் அம்மா சொன்னாள், ஆறு பேரில் ஒருத்தியாகத் தங்கச்சி நிற்கட்டும் என்று. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிக்கிற சாமான் அது. இவ தோளு தாங்குமா?"

"ஒரு நாளைக்குத் தாங்குனா போதும். பேரு பதிஞ்சிட்டா அப்புறம் நாங்க பாத்துக்குவோம்" என்றாள் அம்மா.

சித்தி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கங்காணி மாமாவிடம் போய் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை நல்ல பனி. முன்னால் நிற்கிறவள் தெரிவாள், அவளுக்கு முன்னால் நிற்கிறவள் தெரியமாட்டாள். கத்தரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். துணி வெட்டுகிற கத்தரியைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்தில் தட்டு பொருத்திய மாதிரி இருந்தது. வெட்ட வெட்டக் கொழுந்து தட்டில் விழும். நிறைந்ததும் முதுகுச் சாக்கில் கொட்ட வேண்டும். ஆறு பேரையும் ரோட்டுக்குப் பக்கத்து நிரைகளில் விட்டார்கள். கையால் எடுக்கிறவர்களை அதற்கு மேலே விட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்துப் பார்ப்பதற்காக. கொழும்பு மாத்தயா மணிக்கூட்டை அமுக்கினார்.

சித்திக்கு வரவே இல்லை. தட்டு வலது பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. வெட்டியதில் பாதி செடிக்கு அடியில் விழுந்தது. மற்ற ஐந்து பேரும் அவளை விட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்டினாள்.

பத்து மணிக்கு மாத்தயாவும் கண்டாக்கு ஐயாவும் தேத்தண்ணி குடிக்க ரோட்டுக்கு இறங்கினார்கள். அம்மா மேல் நிரையிலிருந்து வந்தாள். தன் சாக்கைக் கவிழ்த்தாள். திரும்பி ஏறினாள். பிறகு பெரியம்மா வந்தாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். வளைவில் போடுகிற ஒரு அள்ளு இல்லை. சாக்கோடு கொட்டினார்கள். கைக்கொழுந்து அடியில், கத்தரி வெட்டியது மேலே. வர முடியாதவர்கள் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் பாவாடையில் ஏந்திக்கொண்டு ஓடினேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு மாத்தயாவும் ஐயாவும் போனபோதும் அப்படியே. பின்நேரமும் அப்படியே.

கங்காணி மாமா எல்லாவற்றையும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சித்தியிடம் கேட்டார்.

"என்னா தங்கச்சி, சாக்கு நெறமாசமா இருக்கு. தொட்டில் கட்டவா?"

மேல் நிரையிலிருந்து பெரியம்மா குரல் வந்தது. "கட்டுங்க மாமா. அப்பன் பேருக்கு மட்டும் ஒங்க பேரப் போட்டுறாதீங்க."

பனிக்குள் எல்லாரும் சிரித்தார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் சிரிப்பு மட்டும் கேட்டது. சித்தியும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் மடுவத்தில் நான் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து மனதில் கூட்டிக்கொண்டேன். கூட்டல் எனக்கு நன்றாக வரும். சித்திதான் முதலாவது. இரண்டாவதாக வந்தவள் அவளுக்குப் பக்கத்திலேயே இல்லை.

மாத்தயா சித்தியின் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். கத்தரியில் வெட்டினால் இலை கிழியும், முத்தல் இலையும் சேர்ந்து வரும். சித்தி சாக்கில் இருந்தது இரண்டு இலையும் ஒரு குருத்துமாக இருந்தது. நல்லது, நல்லது என்று சிங்களத்தில் சொன்னார். கத்தரியாலும் இப்படி எடுக்கலாம், பழகினால் போதும் என்று கண்டாக்கு ஐயாவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு மேல் நிரைப் பெண்களின் கொழுந்தை நிறுத்தார்கள். பெரியம்மாவுக்கு ஒன்பது கிலோ. அம்மாவுக்கு அதை விடக் கொஞ்சம் கூட. ஒருத்திக்குக்கூட பதினெட்டு வரவில்லை.

"என்ன, கையால எடுக்கிற ஆளுங்க எல்லாம் இன்னைக்குத் தூங்கிட்டீங்களா?" என்றார் கண்டாக்கு ஐயா.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் அன்றைக்கு அரைப்பேர். யாரும் வருத்தப்படவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து டின்மீன் திறந்தாள். பெரியம்மா வந்து சாப்பிட்டாள். சித்தியால் சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

கொழும்பு மாத்தயா என்ன கணக்குப் போட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது நான் கார்மெண்டில் தைக்கிறேன். அங்கேயும் மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் மணிக்கூட்டோடு வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். அவர் நிற்கும்போது நாங்கள் யாரும் வேகமாகத் தைக்கமாட்டோம். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம். எங்கள் மலையில் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. கத்தரியால் எவ்வளவு வரும் என்று பார்க்க வந்தவருக்கு, கைக்கொழுந்தையும் கத்தரிக் கணக்கிலேயே காட்டினோம். கையால் எவ்வளவு வரும் என்று பார்க்க வந்தவருக்குப் பாதிச் சாக்கைக் காட்டினோம்.

இரண்டு வாரம் கழித்துப் பெரட்டில் பேர் வாசித்தார்கள். பாதிப் பேரைத்தான் வாசித்தார்கள். மேல்மலைக்கு அது போதும் என்று கணக்கு வந்ததாம். எல்லாருக்கும் கத்தரி. ஒரு பேருக்கு இனிப் பதினெட்டு இல்லை, நாற்பது. முதலில் வாசித்தது சித்தி பேர். அம்மா பேரும் இருந்தது. பெரியம்மா பேர் இல்லை. அவள் நுவரெலியாப் பக்கம் கேரட் தோட்டத்துக்கு நாள் கூலிக்குப் போனாள். அவள் மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனான். வேறு சிலர் எங்கே போனார்கள் என்று தெரியாது. கீழ்மலைக்கு ஜேசிபி வந்தது. தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கி ரோட்டோரம் குவித்தார்கள். நாங்கள் விறகுக்கு எடுத்து வந்தோம். நன்றாக எரிந்தது.

பேர் பதிந்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று அம்மா சொன்னது நடக்கவில்லை.

முதல் வாரம் சித்திக்கு எல்லா நாளும் அரைப்பேர். இரண்டாவது வாரமும் அதுதான். வளைவில் வந்ததும் அவள் நடையைக் குறைப்பாள். சாக்கின் வாயைக் கொஞ்சம் திறந்து பிடிப்பாள். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருத்திக்கும் நாற்பது வேண்டும். பாதிப் பேருக்கு முப்பத்தைந்தே வரவில்லை. போட்டுவிடுவதற்கு யாரிடமும் கொழுந்து இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு நாள் நான் பார்த்தேன். அம்மா சித்திக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தன் சாக்குக்குள் கையை விட்டாள். கொஞ்ச நேரம் கை உள்ளேயே இருந்தது. வெளியே எடுத்தபோது கையில் ஒன்றும் இல்லை. சித்தி சாக்கின் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் மடுவத்துக்கு இறங்கினார்கள்.

கண்டாக்கு ஐயா சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"அன்னைக்கு அவ்வளவு எடுத்தியே புள்ள. இப்ப என்ன வந்திச்சு? பேரு பதிஞ்சதும் சோம்பேறித்தனமா?"

உண்மையைச் சொன்னால் அம்மாவும் மற்ற எல்லாரும் மாட்டுவார்கள். கங்காணி மாமாவும் மாட்டுவார். அவர் தூரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு ஒடம்பு நல்லா இருந்திச்சிங்க ஐயா" என்றாள் சித்தி.

தோள் வீங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் எண்ணெய் கொடுத்தார்கள். அம்மா தேய்த்துவிட்டாள். தலை வாரக் கை எட்டவில்லை. காலையில் இருட்டோடு நான் எழும்பி அவளுக்குச் சடை பின்னிவிடுவேன். கோணலாகத்தான் வரும். அவள் குறை சொன்னதில்லை. அந்த மாதத்தோடு அவள் பேரை எடுத்துவிட்டார்கள்.

கொழும்புப் பக்கம் கார்மெண்டுக்கு ஆள் சேர்க்க ஒரு அண்ணன் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தார். உட்கார்ந்து நூல் வெட்டுகிற வேலை, தோளுக்கு நோவு வராது என்றார். அப்பா, அது பரவாயில்லை என்றார். அம்மா அன்றைக்கு முழுக்கப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள்.

கொட்டகலை பஜாரில் வேன் நின்றது. உள்ளே நாலைந்து அக்காமார் ஏற்கெனவே இருந்தார்கள். அம்மாவுக்கு வேலை. அப்பாதான் என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சித்தியின் பையை நான் பிடித்திருந்தேன். வேலையில் முதலாவதாக வந்த ஆளைத்தான் பெரிய இடத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் எனக்கு அழுகை வரவில்லை. சித்தி ஏன் என் முகத்தைப் பார்க்காமல் நிற்கிறாள் என்றுதான் விளங்கவில்லை.

அந்த அண்ணன் சித்தியை மேலும் கீழும் பார்த்தார். வயது கொஞ்சம் கூட என்று நினைத்தாரோ என்னவோ. அங்கே மெதுவாகச் செய்கிற ஆட்களை வைத்திருக்கமாட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். கை வேகமா என்று கேட்டார். அப்பா சித்தியைத் திரும்பிப் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "எங்க சித்திதான் மலையிலேயே மொதலாவது" என்றேன்.

சித்தி என் கையை அழுத்தினாள். சந்தோசத்தில் அழுத்துகிறாள் என்று நினைத்தேன்.

அந்த அண்ணன் சிரித்துக்கொண்டு குனிந்தார். "அப்பிடியா? ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பாங்க?"

நான் சொன்னேன்.

"அறுபத்தொரு கிலோ."