நான்காம் அறையிலிருந்து ஒரு திருத்தம்

இதைக் கேட்ட நண்பர்களில் பாதிப் பேர், குளிரில் மூளை மரத்துப்போனால் இப்படியெல்லாம் காதில் விழத்தான் செய்யும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்தக் கதவைத் திறக்க வைத்தது என் மூளை அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அலுவலகங்களில் தகவல் பதியும் மென்பொருள் மக்கர் செய்தால் சரிசெய்து கொடுப்பது என் தொழில். அன்று போனது ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு. உறைந்த மீனும் பட்டாணியும் அடுக்கிய ஐந்து பெரிய அறைகள். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. யார் எந்த அறைக்குள் போனாலும், வெளியே உள்ள கணினியில் பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் மூன்றையும் பதிய வேண்டும். மாலை ஆறு மணிக்குக் காவலாளி திரையைப் பார்ப்பார். எல்லார் பெயருக்கு நேரேயும் வெளியே வந்த நேரம் இருந்தால் விளக்கை அணைத்துக் கதவுகளைப் பூட்டுவார். அறைக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை.

பிரச்சினை நான்காம் அறையில். இரண்டு வாரமாக, அதற்குள் போன எவருக்கும் வெளியே வந்த நேரத்தைப் படிவம் ஏற்கவில்லை.

“எங்க மாமியார் மாதிரி சார்,” என்றார் மேற்பார்வையாளர் அம்மாள். “எதைக் கொடுத்தாலும் வேணாம்னு திருப்பி அனுப்புது. இன்னைக்குச் சரியாகலேன்னா மேனேஜர் என்னையே திருப்பி அனுப்பிடுவாரு.”

உட்கார்ந்து பார்த்தேன். வழக்கமான கோளாறு ஒன்றும் இல்லை. நிரப்ப வேண்டிய கட்டம் எதுவும் விட்டுப்போகவில்லை. அனுமதிகள் சரி. ஆனால் நேரத்தை அடித்தால் ஒரே செய்தி: ‘இந்தப் பதிவை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.’

யார் என்று தேடினேன். ‘அறை 4 உட்புறம்’ என்றது.

“உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கா மேடம்?”

“இருந்துச்சு. போன வருஷமே கழட்டிட்டோம்.”

“ஏன்?”

“தேவைப்படல,” என்றவர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

ஒருவர் திருத்தும்போது மற்றவர் மாற்றாதபடி மென்பொருள் போடும் பூட்டு, கணினியைக் கழற்றிய பிறகும் இப்படித் தங்கிவிடுவது சகஜம். அழித்தேன். மீண்டும் வந்தது. மறுபடி அழித்தேன்... மறுபடி வந்தது.

சந்தேகம் ஒரு விதியின் மேல் விழுந்தது. வெளியே வந்த நேரம் ஒருமுறை பதிவாகிவிட்டால், பிறகு யாராலும் அதை மாற்ற முடியாதபடி படிவத்தை அமைத்திருந்தார்கள். அந்த விதியை நீக்கிப் பார்த்தேன்.

பூட்டு உடனே போய்விட்டது. திரும்ப வரவில்லை.

பழைய கம்பி இன்னும் உள்ளே இணைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் வேலை முடிந்தது. தடித்த கோட்டை மாட்டிக்கொண்டேன். மேற்பார்வையாளர் என் பெயரை அடித்தார். உள்ளே 5.50. அதே கையோடு, வெளியே 5.58 என்றும் அடித்துவிட்டார்.

“நான் இன்னும் உள்ளயே போகலையே மேடம்!”

“இங்க எல்லாருக்கும் இப்படித்தான் சார். விறைச்ச விரலை வச்சுக்கிட்டு அப்புறம் யாரு வந்து அடிக்கிறது... அட, ஏத்துக்கிச்சு! பாருங்க சார், ஏத்துக்கிச்சு!”

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். லாரி வந்துவிட்டதென்று யாரோ குரல் கொடுக்க, அவர் சரக்கு ஏற்றும் இடத்துக்கு ஓடினார்.

கதவை ஒட்டி, கணினி இருந்த சுவரில் நான்கு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன. தரையெங்கும் வெள்ளையாகப் பனி. துளைகளுக்குக் கீழே மட்டும் இரண்டு பாதங்கள் அளவுக்குப் படியவே இல்லை. ஏன் என்று யோசிக்காமல், கம்பி போகும் வழியைப் பார்த்துக்கொண்டே அடுக்குகளின் கடைசி வரை போய்விட்டேன்.

விளக்கு அணைந்தது.

தடால்...

இருட்டில் தடவித் தடவிக் கதவுக்கு வந்தேன். உள்ளிருந்து திறக்கும் குமிழ் பனியில் இறுகியிருந்தது. உதைத்தேன். கத்தினேன். ஒரு சாண் தடிமனுள்ள கதவு. கைபேசியில் சிக்னல் இல்லை. கடைசியாக 6.14 என்று காட்டிவிட்டுக் குளிரில் அதுவும் செத்தது.

அப்போதுதான் உறைத்தது. திரையின்படி நான் வெளியே போய்விட்டேன். வேலை முடிந்து கிளம்பிவிட்டதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. என்னைத் தேட யாருக்கும் காரணமே இல்லை.

விசிறிகள் வேகமெடுத்தன.

விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. பற்கள் தம் போக்கில் அடித்துக்கொண்டன. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரியும்.

உட்கார்ந்துவிட்டேன்.

டக்.

விசிறியாக இருக்கும்.

டக்... டக்...

இல்லை. இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். விசைப்பலகை.

என் தலைக்கு மேலே. அந்தத் துளைகள் இருந்த உயரத்தில்.

“யாரு?”

நின்றது.

என் காதருகே யாரோ மூச்சை இழுத்தார்கள்...

விடவே இல்லை.

டக்... டக்... டக்...

பிறகு அழுத்தமாக ஒன்று.

டக்.

கதவு திறந்தது. வெளிச்சம். காவலாளி.

“ஐயோ சார்! உள்ளயா இருந்தீங்க?” என்னை இழுத்து வெளியே போட்டார். “கண்ணு முன்னாடியே உங்க நேரம் ஒவ்வொரு எழுத்தா அழியுது சார். நான் திரும்ப அடிச்சேன். அது திரும்ப அழிக்குது. சனியன், மறுபடி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். எதுக்கும் ஒரு தடவை திறந்து பார்ப்போம்னு...”

மருத்துவமனைக்கு என்னைப் பார்க்க வந்தவர் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர். எப்போதும் கோட்டோடு திரிவதால் கிடங்கில் அவருக்குப் பனிக்கரடி என்று பெயர். அவர்தான் சொன்னார்.

“போன வருஷம் ஒருத்தர் அதே அறையில மாட்டிக்கிட்டாரு சார். அவருக்கும் வெளிய வந்த நேரத்தை முன்கூட்டியே போட்டுட்டாங்க. நாங்க திறந்தப்ப, உள்ள இருந்த கம்ப்யூட்டர் முன்னாடி நின்னபடியே விறைச்சிருந்தாரு. விரல் கீபோர்டோட ஒட்டிப்போயிருந்துச்சு.”

“என்ன அடிச்சுக்கிட்டு இருந்தாரு?”

“அவர் நேரத்தை அழிக்கப் பார்த்திருக்காரு. அழிஞ்சா வெளிய யாராவது கவனிப்பாங்கல்ல? ஆனா ஒரு தடவை போட்டா மாத்த விடாதே சார்.”

அந்த விதியைத்தான் நான் அன்று நீக்கியிருந்தேன்.

வீடு திரும்பியதும் அன்றைய திருத்தங்களின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ‘அறை 4 உட்புறம்’ என்ற பெயரில், என் வரியில் செய்த திருத்தங்கள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், என்னை வெளியே இழுத்துப் போட்ட பிறகு, இன்னும் ஒன்று.

ஒரு வருடப் பழைய வரி. இறந்தவருடையது. வெளியே வந்த நேரம் அழிந்திருந்தது.

என்னுடையதை அழித்து முடித்துவிட்டுத்தான் தன்னுடையதற்கு வந்திருக்கிறார்.

திரையின்படி, அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.