முப்பத்தெட்டு வயதில் வளர்ந்த கால்

மூன்று வருடங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் கார் உதிரிபாகக் கம்பெனியில் நடந்தது இது.

வருடத்துக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூ தருவார்கள். எட்டாம் நம்பர் போட்டவன் ஒன்பதுக்குப் போய், அடுத்த வருடம் பத்து கேட்டேன். ஸ்டோரில் இருக்கும் நண்பன் விடுவானா?

"இன்னா மச்சான், முப்பத்தெட்டு வயசுல காலு வளருது? ஊட்ல உரம் கிரம் வெக்கிறாங்களா?"

"வளர்ற புள்ளடா நானு!"

கல்யாண மோதிரம் சோப்புப் போட்டும் கழலவில்லை. மூக்கு பெருத்தது, தாடை முன்னால் வந்தது, என் குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் குரல் கொடுத்தது. முகம் பார்த்து வருகை பதியும் மெஷின்கூட ஒருநாள் என்னை யாரென்று தெரியாது என்றது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. தலைவலிக்கு மட்டும் இல்லை, அதற்கு மாத்திரை.

"தெனம் முழுங்கிகினே கீறீங்களே, டாக்டராண்ட போலாம் வாங்க" என்பாள் மனைவி. நான் நழுவிவிடுவேன்.

எங்கள் ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையைக் கடக்கும்முன் நின்று, விரல் நீட்டி, "வலது சரி, இடது சரி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் அதையும் கூத்தாக்கி வைத்திருந்தேன். தலையைத் திருப்பாமல் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விரித்து, "ரெண்டும் சரி!" அன்றும் அப்படித்தான் காலை எடுத்து வைத்தேன். காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். நான் இருந்த இடத்தை இரும்புக் கட்டு ஏற்றிய வண்டி உரசிக்கொண்டு போனது.

இழுத்தவன் அதே ஸ்டோர் நண்பன். முகம் வெளுத்திருந்தது. "நீ இடது கை நீட்ன பக்கந்தான்டா வண்டி வந்துச்சி! கண்ணு தெர்ல உனக்கு?"

உண்மையாகவே தெரியவில்லை. அன்று எனக்கு ஜோக் வரவில்லை.

மறுநாள் திருவள்ளூரில் ஒரு கண் டாக்டர், ஒரு கண்ணை மூடச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். அது கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரிந்தது. மற்ற கண்ணுக்கும் அதே கதை.

"ஷூ சைஸ் மாறிச்சா? மோதிரம் டைட்டாச்சா? குறட்டை?" என்று வரிசையாகக் கேட்டார். நம்மைப் போல் ஒரு குறும்புக்காரர் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மனைவியின் போனில் எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்.

மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதில் ஒரு கட்டி, புற்றுநோய் இல்லை. ஆனால் வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதோடு கண் நரம்பையும் அழுத்தியிருக்கிறது. மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்றார் சென்னை சர்ஜன். "போன பார்வை திரும்புமா சார்?" என்றேன். "ஆபரேஷன் ஆனாதான் தெரியும்."

அதுவரை மனைவி என் இடப்பக்கம் உட்கார்ந்தால், கை பிடித்திருப்பது தெரியும், ஆள் தெரியாது. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனபோதும் அப்படித்தான். அவளைப் பார்க்கத் தலையை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தேன். மூக்கில் பஞ்சு, வாயால்தான் மூச்சு. தலையை அசைக்காதே என்றிருந்தார்கள். விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் மஞ்சளாக ஏதோ மேலே போய்ப் போய் வந்தது. முந்தானை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றேன், திரும்பாமலே.

"தெரியுதா?" என்று கேட்டவள், முன்னைவிடச் சத்தமாக அழுதாள்.

எடுக்க முடியாமல் விட்ட மிச்சக் கட்டிக்கு மாதா மாதம் ஊசி போகிறது. வளர்ந்த எலும்பு திரும்பச் சுருங்காதாம், போகட்டும். இப்போதெல்லாம் யாராவது தன் உடம்பைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னால், நானும் நன்றாகச் சிரித்துவிட்டு, "டாக்டரைப் பாத்தியா?" என்று கேட்காமல் அவரைப் போக விடுவதில்லை.